மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது: நோயாளியிடம் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது?

மருத்துவ வார்டில் செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். இப்போது நர்சிங் மாணவிகளுக்குச் சொல்லித்தருகிறேன். வயதான அப்பா அம்மாவை வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள், படிக்கும் பிள்ளைகள், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நுரையீரலும் இதயமும் ஒரே நொடியில் கைவிட்டது போலத் தோன்றினாலும், பல நேரம் சில மணி நேரத்துக்கோ சில நாளுக்கோ முன்பே உடம்பு சொல்லத் தொடங்கியிருக்கும். அதைக் கண்டுகொள்ள ஒரு கடிகாரமும் கொஞ்சம் பொறுமையும் போதும். என்ன நோய் என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். எவ்வளவு அவசரம் என்பதைப் பக்கத்தில் இருப்பவர்தான் முதலில் கணிக்க வேண்டியிருக்கிறது.

நோயாளியைப் பார்த்ததும் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

எப்படி உட்கார்ந்திருக்கிறார், எப்படிப் பேசுகிறார். இந்த இரண்டும்தான். முட்டியில் இரண்டு கையையும் ஊன்றி, முன்னால் சாய்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுகிறவருக்கு உடம்பு முழுக்க அந்த ஒரு வேலையிலேயே இருக்கிறது. படுக்கச் சொன்னால் படுக்க மாட்டார். கட்டாயப்படுத்திப் படுக்க வைக்கவும் கூடாது.

அப்புறம் ஒரு கேள்வி கேளுங்கள்: "என்ன செய்யுது, எப்பத்திலிருந்து?" ஒரே மூச்சில் முழு வாக்கியம் சொன்னால் நல்லது. "நேத்து... ராத்திரியிலிருந்து... படுக்க... முடியல" என்று இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தினால், அந்தப் பேச்சே ஒரு பரிசோதனை முடிவு. ஃபேன் ஓடும்போதே நெற்றியில் வியர்ப்பது, உதடும் நாக்கும் நீலம் பாய்ந்திருப்பது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, தூங்கி வழிவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மற்ற கேள்விகளை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1990.

மூச்சை எப்படிச் சரியாக எண்ணுவது?

இதை நான் நீட்டித்தான் சொல்வேன், ஏனென்றால் இதைத்தான் எல்லாரும் அலட்சியம் செய்கிறார்கள். பிரஷர் இறங்குவதற்கும் ஆக்சிஜன் குறைவதற்கும் முன்பே மூச்சின் வேகம் கூடிவிடுவதுண்டு. ஆனால் பல கேஸ் ஷீட்களில் எல்லா நோயாளிக்கும் 20 என்றே எழுதியிருக்கும். எண்ணாமல் எழுதிய எண் அது. அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

எண்ணப்போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள். சொன்னால் அவர் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்த கையை அப்படியே அவர் வயிற்றின் மேல் பகுதியில் லேசாக வையுங்கள். முதல் ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். கையை எடுக்காமல், முகத்தைப் பார்க்காமல், அடுத்த ஒரு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. சட்டைப் பொத்தானோ சேலை மடிப்போ அசைவதைப் பார்த்தும் எண்ணலாம். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே சரிவராது; ஒரு மூச்சு தவறினால் கணக்கில் நான்கு தவறிவிடும்.

ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐ எட்டினால் மருத்துவருக்குத் தகவல் போக வேண்டும். 30 என்றால் ஆஸ்பத்திரி. எண்ணிக்கை 8-க்குக் கீழே இறங்குவதும் ஆபத்துதான். தூக்க மாத்திரை, மயக்கம் தரும் வலி மருந்து, மூளைப் பாதிப்பு ஆகியவற்றில் அப்படி ஆகும்.

இன்னொன்று. சர்க்கரை நோயாளி ஒருவர் ஆழமாக, வேகமாக, இடைவிடாமல் மூச்சு விடுகிறார். நெஞ்சில் சத்தம் இல்லை, இருமல் இல்லை, ஆக்சிஜன் அளவும் நன்றாக இருக்கிறது. அப்போது உடனே சர்க்கரையைப் பாருங்கள். ரத்தத்தில் அமிலம் ஏறியதை வெளியேற்ற உடம்பு அப்படி மூச்சு விடும். நுரையீரலில் கோளாறு இல்லாமலும் மூச்சு வாங்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

குழந்தைகளுக்கும் இதே கணக்கா?

இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை இது: 2 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஒரு வயது முதல் 5 வயது வரை 40 அல்லது மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது, முடிந்தால் தூங்கும்போது எண்ணுங்கள்.

சட்டையைத் தூக்கிப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தால் நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும். மூக்கு விடைப்பது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டு அழுவது ஆகியவை இன்னும் மோசமான அறிகுறிகள்.

சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று இருமி, மூச்சுத் திணறினால், வாயில் எதையாவது போட்டிருக்கிறதா என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். வேர்க்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை எல்லாம் மூச்சுக்குழாய்க்குள் போகும். இருமல் நின்றுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். விதை இன்னும் உள்ளே இறங்கி ஒரு பக்க நுரையீரலை அடைத்திருக்கலாம். வாய்க்குள் கண்ணால் பார்க்க முடியாத பொருளை விரல் விட்டுத் துழாவவும் கூடாது.

ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை நம்பலாமா?

நம்பலாம், போடும் விதத்தில் போட்டால். கொரோனா காலத்தில் வாங்கிய கருவி பல வீடுகளில் இருக்கிறது. முதலில் பேட்டரியைப் பாருங்கள். உட்கார வைத்து, கை சூடாக இருக்கிறதா என்று பார்த்து, விரலில் மாட்டி, எண் ஒரு நிலைக்கு வரும்வரை ஒரு நிமிடமாவது காத்திருங்கள். நெயில் பாலிஷ் இருந்தால் அழியுங்கள். மருதாணி கருஞ்சிவப்பாகப் பிடித்த விரலில் எண் தவறலாம். வேறு விரலில் போடுங்கள். கருவி காட்டும் நாடித்துடிப்பும் நீங்கள் கையால் எண்ணியதும் ஒத்துப்போகவில்லை என்றால், ஆக்சிஜன் எண்ணையும் நம்பாதீர்கள்.

95-உம் அதற்கு மேலும் இயல்பு. 94-க்குக் கீழே என்றால் மருத்துவரிடம் பேசுங்கள், 90-க்குக் கீழே என்றால் அவசரம். பல வருடம் பீடி, சிகரெட் பிடித்து நுரையீரல் கெட்டுப்போனவர்களில் சிலருக்கு மட்டும் மருத்துவர் 88 முதல் 92 வரை போதும் என்று வைத்திருப்பார். அவர்களுக்கு வீட்டில் ஆக்சிஜனை நாமாகக் கூட்டக் கூடாது. கூட்டினால் கரியமில வாயு உடம்பில் தேங்கி மயக்கம் வரும்.

ஒரு எச்சரிக்கை. கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையை விடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும். மூடிய அறையில் ஜெனரேட்டரோ கரி அடுப்போ எரிந்து மயங்கியவருக்கு 98 என்றே காட்டும். மோசமான ரத்தசோகையிலும் எண் அழகாகத்தான் இருக்கும். ஆள் திணறுகிறார், கருவி 97 காட்டுகிறது என்றால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

மூச்சு வாங்குவது இதயத்தாலா, நுரையீரலாலா என்று எப்படிப் பிரிப்பது?

முழுதாகப் பிரிக்க எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்) வேண்டும். ஆனால் கேள்விகளிலேயே பாதி தூரம் போய்விடலாம்.

முதலில், எதைச் செய்தால் மூச்சு வாங்குகிறது என்று கேளுங்கள். "கொஞ்சம் இளைக்குது" என்ற பதிலோடு விடாதீர்கள். போன பொங்கலுக்கு நின்று சமைத்தீர்களா? மாடிக்குத் துணி காயப்போடப் போனீர்களா? இப்போது குளித்துவிட்டு வந்தாலே உட்கார வேண்டியிருக்கிறதா? ஆறு மாதத்துக்கு முன் செய்ததை இன்று செய்ய முடிகிறதா என்பதுதான் அளவுகோல். வயதாகிவிட்டது என்று நினைத்து வேலையைக் குறைத்துக்கொண்டவர்கள், மூச்சு வாங்கவே இல்லை என்று சொல்வார்கள். மாடி ஏறுவதையே விட்டுவிட்டவருக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்று எப்படித் தெரியும்?

அடுத்து, எத்தனை தலையணை? நேராகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு மூன்று தலையணை அடுக்கினால்தான் தூக்கம் வருகிறது, தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் திடுக்கென்று எழுந்து ஜன்னலைத் திறக்கத் தோன்றுகிறது, மாலையில் காலில் செருப்புத் தடம் பதிகிறது என்றால் இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் தேங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். நிற்கும்போது காலில் இறங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குள் திரும்புகிறது. பலவீனமான இதயத்தால் அந்தச் சுமையைத் தள்ள முடிவதில்லை. அதனால்தான் படுத்தால் முட்டுகிறது.

விடியற்காலையில் இழுப்பு, தூசியும் ஊதுபத்திப் புகையும் பட்டால் இருமல், சின்ன வயதிலிருந்தே விட்டு விட்டு வருவது, வீட்டில் யாருக்கோ இருப்பது எல்லாம் ஆஸ்துமாவின் பக்கம். வருடக்கணக்கில் காலையில் சளியோடு இருமல், மெல்ல மெல்லக் கூடும் மூச்சிரைப்பு, உதட்டைக் குவித்து ஊதுவது போல மூச்சு விடுவது எல்லாம் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். இங்கே பெண்களிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தீர்கள்? பீடியைத் தொட்டே பார்க்காத பாட்டிக்கு இந்த நோய் வருவது அந்தப் புகையால்தான்.

இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். புகை நுரையீரலையும் கெடுக்கும், இதய ரத்தக் குழாயையும் கெடுக்கும். அறுபது வயதுக்கு மேல் முதல் முறையாக வீசிங் (விசில் சத்தத்தோடு இழுப்பு) வந்தால் ஆஸ்துமா என்று நாமே முடிவுகட்டக் கூடாது.

கால் வீக்கத்தை எப்படிப் பரிசோதிப்பது?

முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின் மேல், கட்டை விரலால் ஐந்து முதல் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அது நீர். எங்கே வரை குழி விழுகிறது என்று மேலே மேலே அழுத்திப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: கணுக்காலா, பாதிக் காலா, முட்டியா? படுத்தே கிடப்பவருக்குக் காலில் வீக்கம் தெரியாது; இடுப்பின் பின்பக்கம் அழுத்திப் பாருங்கள்.

இதயநோய் உள்ளவர் வீட்டில் ஓர் எடை இயந்திரம் இருப்பது நல்லது. காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் பார்த்து எழுதி வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சாப்பாட்டால் வந்த எடை இல்லை, நீர். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஏதாவது கூடிவிட்டதா, மாத்திரையை விட்டுவிட்டாரா என்று கேட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கால் வீக்கம் எல்லாமே இதயம் இல்லை. சிறுநீரகம், கல்லீரல், பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரை என்று பல காரணம் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, அதோடு திடீர் மூச்சிரைப்பும் வந்தால், காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அறுவை சிகிச்சை, பிரசவம், எலும்பு முறிவு, நீண்ட நாள் படுக்கை ஆகியவற்றுக்குப் பிறகு இது வரும். நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நெஞ்சு வலி. கேஸா, ஹார்ட்டா?

இந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் தேடுவதில்தான் உயிர்கள் போகின்றன. சோடா குடிப்பது, ஓம வாட்டர், பெருங்காயம், ஜெலுசில், முதுகு நீவிவிடுவது என்று இரண்டு மணி நேரம் ஓடிவிடும். ஏப்பம் வந்தது, கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது என்றால் இன்னும் ஒரு மணி நேரம். மாரடைப்பிலும் ஏப்பம் வரும், வாந்தி வரும், மேல்வயிறு எரியும்.

இதய வலியை நோயாளி பெரும்பாலும் விரலால் காட்ட மாட்டார். உள்ளங்கையையோ மூடிய கையையோ நடு நெஞ்சில் வைத்துக் காட்டுவார். வலி என்றுகூடச் சொல்ல மாட்டார். அழுத்துது, அடைக்குது, பாரமா இருக்கு என்பார். இடது கை, இரண்டு கை, தாடை, கழுத்து, முதுகு என்று பரவலாம். குளிர்ந்த வியர்வை கொட்டும். நடந்தால் வந்து, நின்றால் சில நிமிடத்தில் போகும் அழுத்தமும் இதயத்தின் எச்சரிக்கைதான். ஓய்வில் வந்து போகாமல் நிற்கும் அழுத்தம் மாரடைப்பாக இருக்கலாம்.

சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள், பெண்கள் ஆகியோருக்கு வலியே இல்லாமல் வருவதுண்டு. திடீர் மூச்சிரைப்பு, காரணமில்லாத அசதி, வியர்வை, குமட்டல், தலைசுற்றல் மட்டும் இருக்கும். "அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, காலையிலிருந்து ஒரு மாதிரி களைப்பா இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே அழைத்து வரப்பட்டவர்களின் ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு இருந்ததை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்போது உடனே என்ன செய்யலாம்?

உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். ஒவ்வாமையோ ரத்தக் கசிவோ குடல் புண்ணோ இல்லாதவருக்கு ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் அளவு மென்று விழுங்கக் கொடுக்கலாம். போனில் மருத்துவரோ ஆம்புலன்ஸ் ஊழியரோ சொன்னால் இன்னும் நல்லது. வலி கிழிப்பது போல வந்து முதுகுக்குப் பாய்ந்தால், கொடுக்காதீர்கள். அது பெருந்தமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்) கிழிவாக இருக்கலாம், ஆஸ்பிரின் அதில் கெடுதல்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் இதய வலிக்கு வைத்திருக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்காதீர்கள். பிரஷர் ஏற்கெனவே குறைந்திருந்தால் ஆள் சரிந்துவிடுவார்.

தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் முதல் டோஸைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஊர் தூரமாக இருந்தால் இது பெரிய உதவி. ஆனால் அது வழியில் கிடைக்கும் முதலுதவி. அடைப்பைத் திறக்க ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியோ, குழாய் விட்டு பலூனால் விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியோ வேண்டும். தாமதம் ஆக ஆக இதயத் தசை செத்துக்கொண்டே போகும்.

ஈ.சி.ஜி. நார்மல் என்றார்கள். வீட்டுக்குப் போகலாமா?

நெஞ்சு வலியோடு வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. ஆனால் முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தும் மாரடைப்பு இருக்கலாம். வலி தொடர்ந்தால் திரும்ப எடுக்க வேண்டும். இதயத் தசை பாதிக்கப்பட்டதைக் காட்டும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் வலி வந்த உடனே எடுத்தால் ஏறியிருக்காது. சில மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். "இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாமா, சார்?" என்று கேட்பது உங்கள் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.

வேறு எதனால் நெஞ்சு வலிக்கும்?

மூச்சை இழுத்தாலும் இருமினாலும் சுருக்கென்று குத்தினால் நுரையீரல் உறையின் அழற்சி, நிமோனியா, ரத்தக்கட்டி என்று யோசிக்க வேண்டும். ஒல்லியான, உயரமான இளைஞருக்குத் திடீரென்று ஒரு பக்கம் குத்தி மூச்சு முட்டினால் நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியே தேங்கியிருக்கலாம். விரலால் அழுத்தினால் அதே வலி வருகிறது என்றால் விலா எலும்பு, தசை. ஒரு பக்கமாகப் பட்டை போட்டது போல எரிந்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளம் வந்தால் அக்கி. அழுத்தினால் வலிக்கிறது என்பதற்காக மட்டும் இதயம் இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம்.

ஸ்டெதஸ்கோப்பில் எதைக் கேட்பது? (மாணவிகளுக்கு)

1816-இல் பாரிஸில் லாயென்னெக் என்ற மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைச் சுருட்டிக் கேட்டார். அங்கிருந்து வந்ததுதான் இந்தக் கருவி. அவர் காட்டிய அந்த மரியாதையை நாமும் காட்ட வேண்டும்: திரை போடுங்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், கருவியின் தலையைக் கையில் தேய்த்துச் சூடாக்குங்கள். ஆனால் ரவிக்கைக்கு மேல் வைத்துக் கேட்காதீர்கள். துணி உரசும் சத்தம் நுரையீரல் சத்தம் போலவே கேட்கும்.

முதுகில் தொடங்குங்கள். வாயைத் திறந்து மூச்சு விடச் சொல்லி, வலது இடது என்று மாற்றி மாற்றி ஒப்பிட்டுக்கொண்டே கீழே வாருங்கள். மூச்சை விடும்போது விசில் போலக் கேட்டால் குழாய் சுருங்கியிருக்கிறது. மூச்சை இழுக்கும்போது, காதருகே முடியை விரலால் உரசினால் கேட்பது போல மெல்லிய சரசரப்பு கேட்டால் இருமச் சொல்லி மறுபடி கேளுங்கள். இருமிய பிறகு போய்விட்டால் சளி. இரண்டு பக்க அடியிலும் போகாமல் நின்றால் இதயம் பலவீனமாகித் தேங்கிய நீராக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் நிமோனியா. கீழே ஒரு பக்கம் சத்தமே இல்லாமல், தட்டினால் கனமாக ஒலித்தால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கும்.

ஆஸ்துமா நோயாளிக்கு வீசிங் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் அவர் இன்னும் திணறுகிறார் என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. உள்ளே காற்றே போகவில்லை. உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஆஸ்துமா இழுப்பு வந்தால் வீட்டில் என்ன செய்வது?

நிமிர்ந்து உட்கார வைத்து, நீல நிற சால்பியூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசரில் (மருந்துப் புகையைப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் குடுவை) மாட்டி, ஒரு முறை அழுத்தி நான்கைந்து மூச்சு இழுக்க விடுங்கள், பிறகு அடுத்தது. தேவைக்கேற்ப 4 முதல் 10 முறை வரை தரலாம். தணியவில்லை, அல்லது தணிந்து சீக்கிரமே திரும்ப வருகிறது என்றால் ஆஸ்பத்திரி.

இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயத்தில் மாத்திரையும் சிரப்புமாகக் காலம் தள்ளுகிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். இன்ஹேலரில் மருந்து மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. மாத்திரையில் அதைவிடப் பல மடங்கு மருந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. எதற்குப் பயப்பட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நீல இன்ஹேலர் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை. தினமும் போட வேண்டிய மருந்தை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

இருமல் எத்தனை நாள் இருந்தால் கவலைப்பட வேண்டும்?

இரண்டு வாரம். அதற்கு மேல் போனால் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். மாலைக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு, சளியில் ரத்தம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, வெட்டவெளியில் நின்று, ஆழமாக இருமி எடுத்த சளிதான் வேண்டும். எச்சிலைக் கொடுத்தால் பரிசோதனை வீண்.

காசநோய் என்றதும் ஆளைத் தனியே ஒதுக்கும் வீடுகள் இன்றும் உண்டு. 1950-களின் கடைசியில் சென்னையில் நடந்த ஆய்வில், சானடோரியத்தில் (காசநோய் ஆஸ்பத்திரி) வைத்துப் பார்த்தவர்களுக்கும் வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களுக்கும் குணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடவில்லை. உலகம் முழுக்க வீட்டுச் சிகிச்சைக்கு வழிதிறந்தது நம் ஊர் நோயாளிகள்தான்.

வறட்டு இருமல் மட்டும் என்றால் மாத்திரைப் பட்டியலைப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு நாள்கணக்கில் இருமலைக் கொடுக்கும். தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

சளியின் நிறம் எதைச் சொல்லும்?

மஞ்சளோ பச்சையோ என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட வேண்டாம். துருப்பிடித்த நிறம் நிமோனியாவில் வரும். இளஞ்சிவப்பு நுரை பொங்கி வந்தால் நுரையீரலில் நீர் நிரம்புகிறது, அந்த நிமிடமே ஆம்புலன்ஸ். ரத்தம் எவ்வளவு குறைவாக வந்தாலும் காட்ட வேண்டும்.

நெஞ்சு படபடப்பு வந்தால் என்ன பார்ப்பது?

எப்படி அடித்தது என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். சீராக வேகமாகவா, தாறுமாறாகவா, நடுநடுவே ஒன்று தவறியா? பிறகு நாடியை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். ஓய்வில் 60 முதல் 100 இயல்பு. எந்த ஒழுங்கும் இல்லாமல் அடித்தால் ஈ.சி.ஜி. கட்டாயம், ஏனென்றால் அந்தத் தாளக் கோளாறில் இதயத்துக்குள் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். ரத்தசோகை, தைராய்டு, காய்ச்சல், அதிகமான காபி டீயும் காரணமாகலாம். ஓடும்போதோ வேலை செய்யும்போதோ படபடத்து மயங்கி விழுந்தவரையும், வீட்டில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்த குடும்பத்தவரையும் இதய மருத்துவரிடம் கட்டாயம் அனுப்புங்கள்.

இளம்பெண், கர்ப்பிணி. மூச்சு வாங்குவது சகஜம்தானே?

கர்ப்பத்தில் லேசாக மூச்சு வாங்கும். ஆனால் படுக்க முடியவில்லை, இருமுகிறது, ராத்திரி எழுந்து உட்காருகிறாள் என்றால் சகஜம் இல்லை. கீழிமையை இழுத்து ரத்தசோகை பாருங்கள். சின்ன வயதில் தொண்டை வலிக்குப் பிறகு மூட்டு மாறி மாறி வீங்கியதா, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கும். பல வருடம் தெரியாமல் இருந்து, கர்ப்பத்தில் ரத்த ஓட்டம் கூடும்போதுதான் முதன்முதலாக வெளிப்படும். பிரசவம் ஆன சில வாரங்களில் வரும் மூச்சிரைப்பையும் தூக்கமின்மை என்று தள்ளிவிடாதீர்கள்.

பயத்தால் மூச்சு முட்டுகிறது என்கிறார்களே?

வரும், அதுவும் உண்மையான துன்பம்தான். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு, செத்துவிடுவோமோ என்ற பயம் இருக்கும். ஆனால் மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும். பெண்களுக்கு இந்த முத்திரையைச் சீக்கிரம் குத்திவிடுகிறோம். வாயில் காகிதப் பையை வைத்து மூச்சு விடச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உண்மையில் ஆக்சிஜன் குறைந்தவருக்கு அது ஆபத்து.

தேள் கொட்டியதற்கும் மூச்சுக்கும் சம்பந்தம் உண்டா?

செந்தேள் கொட்டினால் உண்டு. கொட்டிய இடத்தில் வலி மட்டும் என்றால் பெரும்பாலும் பயமில்லை. உடம்பு முழுக்க வியர்த்து, கை கால் ஜில்லிட்டு, வாந்தி எடுத்தால் விஷம் இதயத்தைத் தாக்குகிறது. சில மணி நேரத்தில் நுரையீரலில் நீர் நிரம்பலாம். குழந்தைகளுக்கு அபாயம் அதிகம். மகாராஷ்டிராவின் மஹாட் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் பிரசோசின் என்ற பிரஷர் மாத்திரையைப் பயன்படுத்திப் பல உயிர்களைக் காப்பாற்றிக் காட்டினார். மந்திரிக்க நேரம் செலவழிக்காதீர்கள்.

தாத்தாவுக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. நிமோனியா எப்படி இருக்க முடியும்?

இருக்கும். வயதானவர்களுக்குச் சாப்பாடு வேண்டாம் என்பது, திடீர்க் குழப்பம், கீழே விழுவது, படுக்கையிலேயே சிறுநீர் போவது மட்டும்தான் அறிகுறியாக இருக்கலாம். மூச்சை எண்ணினால் 28 இருக்கும். அந்த ஒரு எண்தான் வழிகாட்டும்.

மருத்துவருக்குப் போன் செய்யும்போது எப்படிச் சொல்வது?

"அப்பாவுக்கு ரொம்ப முடியல, சீக்கிரம் வாங்க" என்றால் அவரால் எதையும் கணிக்க முடியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், அப்பாவுக்கு 68 வயசு, சர்க்கரை இருக்கு, நாலு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வெச்சாங்க. ராத்திரி ரெண்டு மணியிலிருந்து படுக்க முடியல. மூச்சு நிமிஷத்துக்கு 32, நாடி 118, ஆக்சிஜன் 89, பிரஷர் 170-க்கு 100. வியர்க்குது. வலி இல்லன்னு சொல்றாரு. தண்ணி மாத்திரை ரெண்டு நாளா சாப்பிடல." அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள்.

108 வரும் வரை என்ன செய்வது?

நிமிர்ந்து உட்கார வைத்து, காலைத் தொங்கப்போட விடுங்கள். சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள். சுற்றிக் கூட்டம் வேண்டாம். திணறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். எல்லா மாத்திரை அட்டையையும் பழைய ரிப்போர்ட்டையும் ஒரு பையில் போடுங்கள். ராத்திரி என்றால் வாசல் விளக்கைப் போட்டு, ஒருவரைத் தெருமுனையில் நிறுத்துங்கள்.

ஆள் சரிந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் இல்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். இடைவெளி விட்டு விட்டு வாய் பிளந்து இழுப்பது மூச்சில் சேர்த்தியில்லை, அப்போதும் தொடங்குங்கள். கட்டிலில் இருந்து தரையில் இறக்கி, நெஞ்சின் நடு எலும்பில் ஒரு உள்ளங்கையின் அடியை வைத்து, மேலே இன்னொரு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். விலா எலும்பு முறிந்தாலும் நிறுத்த வேண்டாம். இன்னொருவர் இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். அவர் கை கால் அசைத்து மூச்சு விடும்வரை, அல்லது ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வந்து தங்கள் கையில் எடுத்துக்கொள்ளும்வரை தொடருங்கள்.